போயா நிலவில் நாக்கு மீன்

குமாரசிங்கம் சுபாவத்தில் பொய்யர் அல்ல. மாகாண அலுவலகமொன்றில் கணக்காளராக ஒரு யுகத்தைக் கழித்து, ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராமல் ஓய்வு பெற்ற மனுஷன். அப்படிப்பட்டவர் பொய் சொன்னால் அது சின்னதாகவா இருக்கும்? அப்புத்தளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துச் சம்பந்தி வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் வாயிலிருந்து புறப்பட்ட பொய், பதுளை ரயிலைவிட நீளம். என்ஜின் ஸ்டேஷனுக்கு வந்து மூச்சு வாங்கிய பிறகும் கடைசிப் பெட்டி சுரங்கத்துக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

"நானோ? சின்னனில இரவிரவாப் பரவைக்கடலுக்க இறங்கி, ஈட்டியால மீன் குத்தின ஆள் சம்பந்தி. நான் குத்தின நாக்கு மீனை அடுக்கி வைச்சா உங்கட தேயிலை ஃபக்டரிய விட உயரம் வரும்."

சம்பந்தி என்றால் வீரய்யா. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். விடியற்காலைப் பனியில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துவிடுகிற பெரட்டுக்களத்தில் பாதி ஆயுளை நின்றே கழித்தவர். பழக்கம் விடுமா? இப்போதும் காலையில் வீட்டுக் கோழிகளுக்குப் பெரட்டு வைக்கிறார் என்றும், பிந்தி வருகிற கோழிக்கு அன்று பாதித் தீனிதான் என்றும் அவர் மனைவி ரெங்கம்மா சொல்லுவார். அவர்களுடைய மகள் சுதர்ஷினியைத்தான் குமாரசிங்கத்தின் மகன் நிருபன் விரும்பிக் கட்டியிருந்தான். கலியாணம் முடிந்து பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இங்கே இந்த இரண்டு கிழவர்களும் புதுக் காதலர்கள் மாதிரி ஞாயிறு தவறாமல் சந்தித்துக்கொண்டார்கள்.

அன்றைய பேச்சு கைகளைப் பற்றி. வீரய்யா, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பைக் காட்டினார். ரெங்கம்மா, கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களை விரித்துக் காட்டி, எந்தச் சவர்க்காரத்துக்கும் இது மசியாது என்றார். வீரய்யாவின் அண்ணன் மகன் விஜேந்திரன், ஃபக்டரியில் மெஷின் பழுது பார்ப்பவன், உள்ளங்கைச் சூட்டுத் தழும்பை விளக்குக்கு நேரே பிடித்தான். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் குமாரசிங்கத்தைப் பார்த்தார்கள். குமாரசிங்கம் தன் கையைப் பார்த்தார். நடுவிரலில் பேனா பிடித்த ஒரு சின்னக் காய்ப்பு. அவ்வளவுதான். மீதிக் கை முழுவதும் பாண் மாதிரி மெத்தென்று இருந்தது. அந்தக் கையைச் சோற்றுக்குள் புதைத்துக்கொண்டுதான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார்.

உண்மை என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் அவர்கள் வீடு பரவைக்கடல் கரையில்தான் இருந்தது. முழங்காலுக்கு மேலே ஏறாத தண்ணீர். இருட்டு நாள்களில் ஆட்கள் வெளிச்சம் பிடித்துக்கொண்டு அதில் நடப்பார்கள். மணலோடு மணலாகத் தட்டையாகப் படுத்திருக்கும் நாக்கு மீனைத் தேடிக் குத்துவார்கள். குமாரசிங்கம் அதையெல்லாம் மேல்மாடி ஜன்னலில் இருந்து பார்த்தார். தண்ணீரில் அவர் நனைத்தது ஜன்னல் கம்பியில் வைத்த மூக்கை மட்டும்தான், அதுவும் மழை பெய்தால்.

'அப்படியா' என்று சொல்லிவிட்டு எல்லாரும் பாயாசத்துக்குப் போய்விடுவார்கள் என்று அவர் நினைத்தார். வீரய்யா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கடல நான் ரயில் ஜன்னல்லேருந்து பாத்ததோட சரி சம்மந்தி. கால் வச்சதில்ல. எங்களயும் ஒரு தடவ கூட்டிக்கிட்டுப் போங்களேன்."

"அதுக்கென்ன," என்று குமாரசிங்கத்தின் வாய் சொன்னது. குமாரசிங்கம் அதைத் தடுக்கத்தான் பார்த்தார், வாய் முந்திவிட்டது.

கலியாணத்தன்று வீரய்யா அவருடைய தோளில் கைபோட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "படிச்ச ஆளுங்க எத்தனையோ பேரு இந்தத் தோட்டத்துக்கு வந்து போயிருக்காங்க. எங்க வீட்டுல சம்மணம் போட்டு ஒக்காந்து, எங்கள்ல ஒருத்தரா சோத்தப் பெசஞ்சு தின்னது நீங்க ஒருத்தருதான்." அலுவலகத்தில் பிரியாவிடைக்குக் கொடுத்த கடிகாரம், சால்வை, வாழ்த்துப்பா எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, இந்த ஒரு வார்த்தையை மறுதட்டில் வைத்தால் தராசு உடைந்துவிடும். பொய் வெளியே வந்தால் அந்த வார்த்தை போய்விடும். அதை நினைத்தாலே குமாரசிங்கத்துக்குக் காது இரண்டும் சிவந்தது. அந்தச் சிவப்பில் ஒரு பப்படம் பொரிக்கலாம்.

அடுத்த ஞாயிறு அவர் போனபோது பயணம் அவரில்லாமலே பாதி தூரம் போயிருந்தது. வாடகைக்கு வான் பேசியாயிற்று. ஆள் எட்டு. நாளும் குறித்தாயிற்று: வருகிற போயா, பௌர்ணமி.

"லீவு நாளுங்க. தோட்டத்துல வேல கெடயாது, யாரு பேரும் வெட்டுப்படாது, சம்பளமும் போவாது," என்றார் வீரய்யா.

ரெங்கம்மா சமையலறையில் இருந்து குரல் கொடுத்தார். "போயாவுல எறச்சிக் கடயே தொறக்க மாட்டான். இவரு உசுரக் குத்தப் போறாராம் உசுர!"

"அடி போடி. அங்க போயி, சாப்புட்டு, ஈட்டியக் கையில எடுக்கறப்ப நடுச்சாமம் தாண்டிரும். போயா முடிஞ்சிரும். புத்தருக்கும் குத்தமில்ல, நமக்கும் குத்தமில்ல. என்ன சம்மந்தி, நாளு சரிதானே?"

முழுநிலவில் இந்த வேலைக்கு யாராவது போவார்களா மாட்டார்களா என்று குமாரசிங்கத்துக்கு எங்கே தெரியும்? "நல்ல நாள்," என்றார். "நிலவெளிச்சம் இருந்தா இன்னும் வடிவாத் தெரியும்."

பிறகு விஜேந்திரன் கேள்வி கேட்க ஆரம்பித்தான். ஈட்டிக்கு எத்தனை முள்? தலையில் குத்துவதா, முதுகிலா? மீன் துள்ளினால் என்ன செய்வது? குமாரசிங்கம் வியர்த்துவிட்டார், அப்புத்தளைக் குளிரில் ஒரு மனுஷன் வியர்த்ததைத் தோட்டம் அன்றுதான் முதல்முறையாகக் கண்டது. அன்றிரவே பதுளையில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்து யூடியூபில் தேடினார். வெள்ளைக்காரர் ஒருவர் இடுப்புவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஆழமில்லாத தண்ணீரில் நடந்து, லைட்டை அடித்து மீனைக் குத்தினார். குமாரசிங்கம் அந்த வீடியோவைப் பார்த்த தடவைகளுக்கு அந்த வெள்ளைக்காரர் அவருக்குச் சொந்தக்காரராகவே ஆகிவிட்டார். மறுவாரம் போய், எல்லாம் தன் பிள்ளைப் பிராயத்து அனுபவம் போலச் சொன்னார். காலைத் தூக்கி வைக்கக்கூடாது, தேய்த்துத் தேய்த்து நடக்கவேண்டும், திருக்கை கிடந்தால் விலகி ஓடும். தலைக்குப் பின்னால் ஒரே குத்து. மீனை ஈட்டியோடு அமத்திப் பிடித்துக்கொண்டு, கீழே கையைக் கொடுத்துத் தூக்கவேண்டும்.

"பூட்ஸ் வேணும்," என்றார் முடிவாக.

"அந்தக் காலத்துல நீங்க சின்னப் புள்ளயில பூட்ஸு போட்டா எறங்குனீங்க?" என்று விஜேந்திரன் அப்பாவியாகக் கேட்டான்.

குமாரசிங்கம் இருமினார். அந்த இருமல் நெடுநேரம் நீடித்தது. ரெங்கம்மா கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "கடல் காத்து ஒத்துக்காம போயிரப்போவுது, பாத்துங்க அண்ணே," என்று உண்மையான கவலையோடு சொன்னார். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கிய விதத்தை விஷம் குடித்தவர்கள்தான் சொல்லமுடியும்.

வீரய்யாவுக்கோ கொண்டாட்டம். தோட்டத்து வேலை எதுவாக இருந்தாலும் பழகாமல் இறங்கக்கூடாது என்பது அவர் கட்சி. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே உள்ள விளையாட்டு மைதானம் மழை விட்டால் குளம். கணுக்காலுக்குத் தண்ணீர், அடியில் சேறு. அதுதான் கடல். மீன்? ரெங்கம்மா கோதுமை மாவில் தடிப்பாக ரொட்டி தட்டி, தண்ணீரில் கரையாமல் இருக்கக் கருகக் கருகச் சுட்டுக் கொடுத்தார். "கண்ணு ரெண்டும் ஒரே பக்கமுன்னா சொன்னீங்க? என்னா மீனோ, ஒரு பக்கமா மொறச்சுக்கிட்டு," என்று புலம்பியபடி ஒவ்வொரு ரொட்டியிலும் ஒரே பக்கத்தில் இரண்டு விரலை அழுத்திக் கண்ணும் வைத்தார். ஈட்டி விஜேந்திரன் கைவேலை: தேயிலைச் செடிக்கிடையே மண்ணைக் குத்தி இளக்குகிற இரும்பு முள்ளை அறுத்து, நீளக் கம்பில் இறுக்கியிருந்தான். பூட்ஸ், மருந்தடிக்கிற ஆட்கள் போட்டுக் கழித்தவை.

வீரய்யா பெரட்டு வைத்தார். லைட் பிடிக்க இரண்டு பேர், ஈட்டிக்கு நாலு பேர், சாக்குத் தூக்க ஒரு ஆள். எட்டாவது ஆள் குமாரசிங்கம். அவர் தலைவர், முன்னால் நடப்பவர். விசில் ஊதியதும் பட்டப்பகலில் டோர்ச்சைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வரிசையாகச் சேற்றில் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். வாழ்நாள் முழுக்க மண்ணில் முள்ளுக் குத்திய கைகள் அல்லவா? குத்தினால் ரொட்டியும் போய், அடியில் இருந்த கல்லும் போய், பூமியின் மறுபக்கத்தில் யாரோ காலைத் தூக்கியிருப்பார்கள். தப்பிய ரொட்டிகளை நாய்கள் கவ்விக்கொண்டு ஓடின. மேட்டில் கூட்டம் கூடிக் கைதட்டியது.

"சம்மந்தி, எப்புடி இருக்கு நம்ம ஆளுங்க?"

"அருமை," என்றார் குமாரசிங்கம். பூமி பிளந்தால் முதல் ஆளாகக் குதிக்கத் தயாராக இருந்தார். இந்த ஏழு பேரும் இருட்டில், திருக்கை கிடக்கும் தண்ணீரில், தன் முதுகைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள் என்ற நினைப்பு அவரை ஒவ்வோர் இரவும் எழுப்பி உட்காரவைத்தது. சொல்லிவிட வேண்டும். அடுத்த ஞாயிறு சொல்லிவிட வேண்டும். அடுத்த ஞாயிறு வந்தால், சுட்ட ரொட்டியோடு ரெங்கம்மா சிரித்துக்கொண்டு நிற்பார்.

போயாவுக்கு முந்திய ஞாயிறு வந்தது யோகம்மா.

யோகம்மா குமாரசிங்கத்தின் ஒரே அக்கா. யாழ்ப்பாணத்தை விட்டு எளிதில் நகராதவர். நிருபன் கலியாணத்துக்கும் வரவில்லை. "அக்காவுக்கு முழங்கால் ஏலாது, படி ஏறமாட்டா," என்று சம்பந்தி வீட்டில் குமாரசிங்கம் அப்போது சொல்லிவைத்திருந்தார். இப்போது, நிருபன் அனுப்பிய படங்களைப் பார்த்துப் பார்த்து மனம் கொஞ்சம் இளகியோ என்னவோ, சொல்லாமல் கொள்ளாமல் பதுளைக்கு வந்து இறங்கி, "அந்தத் தோட்டத்தை ஒருக்காப் பாப்பம்," என்றார். கையில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். கண்ட இடத்துத் தண்ணீர் குடித்தால் வயிற்றுக்கு ஆகாதாம்.

குமாரசிங்கம் தடுத்துப் பார்த்தார். மழை என்றார். அட்டை என்றார், ஒவ்வோர் அட்டையும் வாழைக்காய் அளவு என்றார். மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ரெங்கம்மாவின் தங்கை குடும்பம் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் மண்ணுக்குள் போனது. அதையும் ஒரு சாட்டாக எடுத்தோமே என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

பஸ்ஸில் இருந்து இறங்கினால் லயத்துக்குப் படி. மேகத்துக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும் படி. யோகம்மா அதில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினார். மூச்சு வாங்கியது குமாரசிங்கத்துக்குத்தான். மேலே நின்ற ரெங்கம்மா வரவேற்கக் கும்பிட்ட கையோடு, வந்தவருடைய முழங்கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாங்க வாங்க, அக்கா. இன்னிக்குத்தான் கடைசிப் பெரட்டு. நல்ல நேரத்துல வந்தீங்க," என்று வீரய்யா மைதானத்து மேட்டில் நாற்காலி போட்டார். கீழே மற்ற ஆறு பேரும் சேற்றில் நின்றார்கள். யோகம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"உதென்ன, ரொட்டியைக் கொண்டுபோய்த் தண்ணிக்குள்ள போட்டுக் குத்துகினம்?"

"எல்லாம் ஒங்க தம்பி சொல்லிக்குடுத்ததுதாங்க. போயாவுக்கு ஒங்க ஊருக்கு வர்றோம். சின்ன வயசுல அவரு குத்துன மாதிரி நாக்கு மீன் குத்தப் போறோம்."

"ஆர், இவனோ?"

யோகம்மா சிரித்தார்.

"நிலவுக்கு ஆர் இறங்கிறது? நிலவு நாளில கடல் வெறுமையாக் கிடக்கும். இருட்டுக்குத்தானே அந்த ஆக்கள் வெளிச்சத்தோட நடக்கிறவை. நானும் இவனும் மேல்மாடியில நிண்டு விடுப்புப் பாக்கிறனாங்கள். இவன் கடலுக்க இறங்கினவனாம்! எங்கட ஆக்கள் கால் நனைக்கிறேல்ல. அது அந்த ஆக்களின்ர தொழில். மீன் வாசல் கேற்றடிக்கு வரும், நாங்கள் வாங்கிறதுதான்."

அதைச் சொன்னபோது அவர் குரலில் துளி வன்மம் இல்லை. கிழக்கே சூரியன் உதிக்கும் என்பதுபோலச் சொன்னார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

சேற்றில் நின்றவர்கள் தேய்த்து நடப்பதை நிறுத்தினார்கள். 'அந்த ஆக்கள்' என்ற சொல்லுக்கு அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பஸ்ஸிலும், அரசாங்கக் கந்தோர்களிலும், ஆஸ்பத்திரி வரிசையிலும், முகத்துக்கு நேரே நின்றுகொண்டே மற்றவர்கள் தங்களைப் பற்றி அப்படிப் பேசக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

"அக்கா சொல்றது நெசமா, சம்மந்தி?" என்று வீரய்யா கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

அந்த நொடியில் குமாரசிங்கத்தின் வாய்க்குள் இன்னொரு பொய் குளித்து உடுத்தித் தயாராக வந்து நின்றது: 'உங்களுக்குத் தெரியாமக் களவாப் போனனான் அக்கா.' எவ்வளவு அழகான பொய்! அக்காவின் மூக்கும் உடையும், வீரய்யாவின் முகமும் மலரும். அவர் வாயைத் திறந்தார். விஜேந்திரன் பூட்ஸில் சேற்றோடு, ஈட்டி முனையில் ரொட்டியோடு, அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உண்மைதான்," என்றார் குமாரசிங்கம். "நான் ஒருநாளும் இறங்கேல்ல. எல்லாம் டெலிஃபோனில பாத்துச் சொன்னது."

யாரோ ஒரு பெடியன் சிரித்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கினான்.

"அது போகட்டுங்க," என்றார் வீரய்யா. "ரொட்டிதானே, நாய் தின்னுச்சு. நான் கேக்கறது வேற. கால் நனைக்காத ஆளுங்கன்னு சொல்றாங்க அக்கா. அப்ப பொண்ணு கேட்டு எங்க வீட்டுப் படியேறுனீங்களே, அன்னிக்கி ஒங்க வீட்டுப் பேச்சுல நாங்க யாருங்க? அந்த ஆக்கள்தானா?"

குமாரசிங்கம் அக்காவைப் பார்த்தார். அக்கா சுடுதண்ணீர்ப் போத்தலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூரத்துத் தேயிலையைப் பார்த்தார். தப்ப ஒரு வழியும் இல்லை. மலை உச்சியில் இருந்து தப்புவதென்றால் குதிக்கத்தான் வேண்டும், குதித்தார்.

"ஓம். அக்காவுக்கு முழங்கால் வருத்தம் எண்டதும் பொய்தான். தோட்டத்திலயோ பொம்பிளை எடுக்கிறாய் எண்டு கேட்டவ. அவவைச் சொல்லி என்ன? நானும் நிருபனோட ஒரு மாதம் கதைக்கேல்ல. ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டுதான் யோசிச்சனான். பிறகு இஞ்ச வந்து, சம்மணம் போட்டிருந்து சாப்பிட்டன். நீங்கள் என்னைப் புகழ்ந்தியள். நான் கேட்டுக்கொண்டிருந்தன்."

கடைசி வார்த்தையைச் சொன்னபோது குரல் ஒரு கொசுவின் குரலாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த மைதானத்தில் அப்போது கொசு பேசினாலும் கேட்டிருக்கும்.

வீரய்யா திரும்பிக்கொண்டார். கையைப் பின்னால் கட்டி, மைதானத்து ஓரம்வரை நடந்துபோய், நின்றார். ரெங்கம்மா, "அவருக்குக் கோவம் வந்தா அப்புடித்தான், அங்குன போயி நிப்பாரு," என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். வழக்கமாகத் தன்னிடம் பேசும்போது வருகிற 'அண்ணே' இப்போது வரவில்லை என்பது குமாரசிங்கத்துக்குக் கேட்டது.

நெடுநேரம் கழித்து வீரய்யா திரும்பி வந்தார்.

"மீன் குத்துற ஆளு யாராச்சும் நெசமாவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒருத்தன். என்னோட படிச்சவன். அழகையா எண்டு பேர். நம்பர் இருக்கு. கதைக்கிறேல்ல."

"ஏன் பேசறதில்ல?"

குமாரசிங்கத்திடம் பதில் இருந்தது. அதை வாயில் வைக்கக் கூசியது. பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அழகையாவும் இருந்தார். தன் மகளின் கலியாணத்துக்குத் தனியாக ஒரு குரல் செய்தி போட்டு அழைத்திருந்தார். குமாரசிங்கம் பதிலுக்கு ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்பியதோடு சரி.

"வானுக்குச் சொல்லியாச்சு. தோட்டம் பூராவும் தெரியும். இப்ப நின்னா அடுத்த டிவிஷன்காரன் வருசம் முழுக்கச் சிரிப்பான்," என்றார் வீரய்யா. "போயா வேணாம். இருட்டு நாளாப் பாத்து வர்றோம். அவருகிட்டக் கேளுங்க, கூட்டிக்கிட்டுப் போவாரான்னு. இங்கயே கேளுங்க. சத்தமாப் போட்டுக் கேளுங்க."

குமாரசிங்கம் ஸ்பீக்கரைப் போட்டார். இனி ஒரு சொல்லையாவது மறைத்துப் பேசினால் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்று தோன்றியது. அங்கே கடல் காற்று இரைந்தது.

"ஆர்?"

"நான் குமாரசிங்கம். மெத்தை வீட்டுக் குமார்."

"ஓ... குமாரோ? ஒவ்வொரு நாளும் குறூப்பில பூ அனுப்புற ஆள்! என்ன, பூ முடிஞ்சுதோ?"

மேட்டில் சிலர் சிரித்தார்கள். குமாரசிங்கம் விஷயத்தைச் சொன்னார். பொய்யையும் சேர்த்துச் சொன்னார்.

"எத்தினை பேர்?"

"எட்டு. என்னோட."

"நீ கரையில நிப்பியோ, இறங்குவியோ?"

"இறங்குவன்."

"குத்திப்போட்டு வந்தா எங்கட வீட்டுக் குசினியிலதான் சமையல். எல்லாரும் அங்கதான் இருந்து சாப்பிடுறது. நீயும் இருப்பியோ?"

"இருப்பன்."

"பத்து வருஷம் ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள் குமார். உங்கட வீட்டுக்குள்ள நான் ஒருநாளும் இருந்ததில்ல."

"ஓம்."

"ஒருக்கா மழைக்கு வந்து நிண்டனான். கொம்மா போர்ட்டிகோவில நிக்கச் சொன்னவ. உனக்கு ஞாபகமோ?"

"ஞாபகம்," என்றார் குமாரசிங்கம். அவர் அன்று உள்ளே, ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"சரி. மனுசியோட கதைச்சிட்டுச் சொல்லுறன்."

அழைப்பு நின்றது. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வாழ்நாள் முழுக்க எத்தனையோ கோப்புகளில் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று எழுதி ஆட்களைத் திருப்பி அனுப்பிய கணக்காளருக்கு, அதை வாங்கிக்கொண்டு நிற்பது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது.

"கேட்டுச் சொல்லுறாராம்," என்றார், எல்லாரும் கேட்டிருந்தும்.

"நியாயந்தானுங்களே. வீட்டுக்காரம்மாவக் கேக்காம எட்டுப் பேர எப்புடிச் சோத்துக்கு ஒக்கார வைக்கிறது?" என்றார் வீரய்யா.

யோகம்மா நாற்காலியில் அசைந்தார். "அவன்ர மனுசி ஓம் எண்டு சொல்லமாட்டாள்," என்றார், தேயிலையைப் பார்த்தபடியே. பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "நானெண்டாலும் சொல்லமாட்டன்," என்றார்.

ரெங்கம்மா அவரை ஒருமுறை நன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

வீரய்யா விசிலை எடுத்தார். பெரட்டைப் பாதியில் விட்டுப் போக அவரால் முடியாது. "விஜேந்திரா, நீ முன்னால நட. சம்மந்திக்கு இனிச் சாக்கு." பிறகு குமாரசிங்கத்தின் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் முன்னைப்போல் இல்லை. "தோட்டத்துல பாதி நாள் வேல செஞ்சவனுக்கு அரப்பேருதான் போடுவோம். இன்னிக்கு ஒங்களுக்கும் அரப்பேரு. வந்தப்ப பொய், இப்ப நெசம்."

"மற்ற அரை, சம்பந்தி?"

"அந்த ஆளு கூப்புடட்டும். பாக்கலாம்."

குமாரசிங்கம் சப்பாத்தைக் கழற்றி மேட்டில் வைத்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார். தோட்டமே பார்த்துக்கொண்டிருக்க, வெளுத்த, மெலிந்த, வெயில் காணாத அந்தக் கால்களைச் சேற்றுத் தண்ணீருக்குள் இறக்கினார். தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. ஒருவன் சாக்கை நீட்டினான். மிதந்துகொண்டிருந்த ரொட்டிகளை அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் போட்டார். குனியும்போதெல்லாம் சட்டைப் பையில் இருந்த டெலிஃபோன் தண்ணீரில் விழுந்துவிடாமல், ஒரு கையால் அதை நெஞ்சோடு அமத்திப் பிடித்துக்கொண்டார்.